இருள் எவருடையது?

மாணாக்கரின் கையில் எத்தகைய கதைகளைக் கொடுப்பது என்ற வினா ஆசிரியர் அறையில் அடிக்கடி எழுவதுண்டு. சென்ற தவணையில், நாம் படிப்பிக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தகப்பனார், அவனுக்கு வாசிக்கக் கொடுத்த நாவலொன்றைத் திருப்பிக் கொண்டுவந்து எமது மேசையில் வைத்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சேர், இதிலை சாவும் அழிவுந்தான் கிடக்கு. இந்த வயதிலை பெடியன் ஏன் இதை வாசிக்க வேணும்? நல்லதாய் ஒண்டு குடுங்கோவன்" என்றார்.

இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் பிள்ளையின் நித்திரையைப் பற்றிக் கவலைப்படுவதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு. நாமும் அன்று அவருக்கு உடனடியாக மறுமொழி சொல்லவில்லை. இக்கேள்வி எமது ஊரில் மட்டும் எழுந்ததன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. கட்டிளமைப் பருவத்தினர் வாசிக்கும் நூலிலே சாவும் பசியும் கொடுமையும் துரோகமும் இடம்பெறலாமா என்று பல தேசங்களில் வாதித்திருக்கின்றனர். அவற்றுள் நாம் மிகப் பயனுடையதாகக் கருதுவது, யப்பானில் ஒரே கதையைச் சுற்றி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக நடந்துவந்துள்ள வாதமாகும். யப்பானை எடுத்துக்கொள்வதற்குத் தமிழர் என்ற முறையில் எமக்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர் சொல்வோம்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். யப்பானிய ஆளும் வர்க்கத்தினர், பிள்ளைகளின் கண்ணிலே போர் படக்கூடாதென்று தவித்தவரல்லர். 1931 முதல் 1941 வரை 'ஷோனென் குராபு' என்ற சிறுவர் சஞ்சிகையில், சுயிஹோ தகாவா வரைந்த 'நொராகுரோ' என்னும் சித்திரக்கதை வெளிவந்தது. அநாதையான கறுப்பு நாயொன்று நாய்ப்படையிற் சேர்ந்து படிப்படியாகப் பதவி உயர்வு பெறுவதே கதை. நாய் போருக்குப் போகும், வெல்லும், பதக்கம் பெறும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதே ஆண்டுகளில் யப்பானியப் படைகள் மஞ்சூரியாவையும் பின்னர் சீனாவின் பெரும்பகுதியையும் பிடித்துக்கொண்டிருந்தன. போரை வேடிக்கையாக்கிய அக்கதை பிள்ளைகளுக்கு ஆகாது என்று பெற்றோரோ அதிகாரிகளோ எழுந்து நின்றதாக வரலாறு இல்லை. 1941இல் அது நிறுத்தப்பட்டபொழுதும், பிள்ளைகளின் மனநலம் அதற்குக் காரணமாகவில்லை. தேசம் முழுவதும் கடுமையாகப் போருக்கு ஆயத்தமாகும் வேளையில் இத்தகைய வேடிக்கை தகாது என்ற மேலிடத்து நெருக்குதலே காரணம்.

1945 ஆகஸ்டு 6ஆம் திகதி காலை, ஹிரோஷிமா நகரின் நடுப்பகுதியிலே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுடைய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தனர். விமானத் தாக்குதலினால் தீ பரவாதிருக்கும்பொருட்டு, வீடுகளை இடித்து வெளியாக்கும் வேலை அது. அரசின் கட்டளைப்படி பள்ளிகள் அவர்களை அனுப்பியிருந்தன. ஆசிரியர்களும் உடன் சென்றிருந்தனர். காலை 8.15 மணிக்கு அணுக்குண்டு வெடித்தது. வீடிடிக்கச் சென்ற அம்மாணவருள் சுமார் 6,000 பேர் மாண்டனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதனைத் தாங்கும், எதனைத் தாங்காது என்று எவரும் அன்று மனு எழுதவில்லை.

தோல்விக்குப் பின் வந்த இலையுதிர் காலத்தில் யப்பானியப் பள்ளிகளில் விசித்திரமான பாடமொன்று நடந்தது. மாணவர்கள் தூரிகையும் மையும் எடுக்குமாறு பணிக்கப்பட்டனர். ஆசிரியர் பக்கத்தையும் வரியையும் சொல்லச்சொல்ல, போரைப் புகழ்ந்த பகுதிகளை மாணவர் தம் கையினாலேயே கறுப்பாக்கினர். சில வாரங்களுக்கு முன் அவற்றை மனனஞ் செய்வித்தவரும் அதே ஆசிரியர்தாம். எமது தொழிலைச் சேர்ந்தவர் எவரும் இக்காட்சியைக் கூச்சமின்றி நினைத்துப் பார்த்தல் இயலாது. மறுபுறத்திலே, நாட்டைக் கைப்பற்றியிருந்த அமெரிக்கப் படையினர் 1945 செப்டெம்பரில் பத்திரிகைகளுக்கு விதித்த கட்டுப்பாட்டு விதிகள், அணுக்குண்டின் விளைவுகளைப் பற்றி எழுதுவதைப் பெருமளவு தடுத்துவிட்டன. போரைத் தொடங்கியவரும் பேச விரும்பவில்லை. குண்டு வீசியவரும் பேச விடவில்லை.

இம் மௌனத்தைக் கலைத்தவர்களுள் பிள்ளைகளும் இருந்தனர் என்பது எம்மவர் பலரும் அறியாத செய்தி. ஹிரோஷிமாப் பல்கலைக்கழகத்துக் கல்வியியற் பேராசிரியரான அராதா ஒசாதா, தாமும் அக்குண்டினாற் காயமுற்றுப் பிழைத்தவர். தொடக்கப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை பயின்றுகொண்டிருந்த ஹிரோஷிமாப் பிள்ளைகளிடம், அன்று கண்டதை எழுதித் தருமாறு அவர் கேட்டார். வந்தவற்றுள் 105 பேரின் எழுத்துக்களை 1951இல் 'அணுக்குண்டின் பிள்ளைகள்' என்று நூலாக வெளியிட்டார். பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் கண்முன்னே இழந்தவர்கள் எழுதியவை அவை. கட்டிளமைப் பருவத்தினருக்கு இருண்ட எழுத்துத் தகுமா என்று வாதிப்போர், அவ்வெழுத்துக்களை எழுதியவரே அப்பருவத்தினர் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று. நூல் வந்த இரண்டாண்டுகளின் பின், யப்பானிய ஆசிரியர் சங்கத்தின் ஆதரவுடன் 'ஹிரோஷிமா' என்ற திரைப்படம் எடுக்கப்பட்டபோது, பெரும் படக் கம்பெனிகள் அதனை வெளியிட முன்வரவில்லை.

'இருள்' என்ற சொல்லே நேரடியாகக் குற்றச்சாட்டாக வந்த சந்தர்ப்பமும் உண்டு. வரலாற்றுப் பேராசிரியர் சபுரோ இயெனாகா உயர்நிலைப் பள்ளி மாணவருக்கென்று எழுதிய யப்பானிய வரலாற்றுப் பாடநூலைக் கல்வி அமைச்சு 1963இல் நிராகரித்தது. விமானத் தாக்குதல், எரிந்து சாம்பலான நகரம், போரில் அங்கம் இழந்த படைவீரர் முதலிய படங்கள் மிகுந்திருப்பதால் போரின் இருண்ட பக்கமே தூக்கலாகத் தெரிகின்றது என்பது அமைச்சு எடுத்துக்காட்டிய குறைகளுள் ஒன்று. பதினாறு, பதினேழு வயதினர் படிக்கும் நூல் அது. இயெனாகா 1965இல் அரசின்மேல் வழக்குத் தொடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வழக்குகள். கடைசித் தீர்ப்பு 1997 ஆகஸ்டிலேதான் வந்தது. சீனாவில் மனிதர்களை வைத்துப் பரிசோதனை நடத்திய 731ஆம் படைப்பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆயினும், பாடநூல்களைப் பரிசோதிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டென்றும் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. போர்க்காலத்தில் தாமும் ஆசிரியராக இருந்து வாய்மூடி நின்றவர் என்பதே முப்பத்திரண்டு ஆண்டுகள் அவரை நீதிமன்றப் படிகளில் ஏறவைத்த உறுத்தல். வெற்றி முழுமையானதன்று. எனினும் எம்மில் எத்தனை பேர் இந்த அளவாவது செய்திருக்கிறோம்?

இனி, நாம் சொல்ல வந்த கதைக்கு வருவோம்.

கெயிஜி நகஸாவா 1939இல் ஹிரோஷிமாவிற் பிறந்தார். தகப்பனார் ஓவியர், போரை எதிர்த்த நாடகக் குழுவோடு தொடர்புடையவராதலால் சிறைக்குச் சென்று மீண்டவர். குண்டு விழுந்த காலையில் ஆறு வயதுச் சிறுவனான நகஸாவா பள்ளி வாயிலில் நின்றுகொண்டிருந்தார். பள்ளியின் சுற்றுமதில் அவரை மறைத்தது, அதனாற் பிழைத்தார். இடிந்த வீட்டின் கீழ் அகப்பட்ட தந்தையும் தமக்கையும் தம்பியும் தீயில் மாண்டனர். நிறைமாதமாயிருந்த தாய் அன்றே தெருவோரத்தில் பெண்குழந்தையைப் பெற்றாள். அக்குழந்தை சில மாதங்களே உயிரோடிருந்தது.

அவர் வளர்ந்து தோக்கியோவுக்குச் சென்று சித்திரக்கதை வரைபவரானார். நெடுங்காலம் குண்டைப் பற்றி வரையவில்லை. குண்டினாற் பாதிக்கப்பட்டவர் என்று தெரிந்தாலே அக்காலத்து யப்பானியர் ஒதுங்கிப்போயினர். வேலை கொடுக்கவும் பெண் கொடுக்கவும் தயங்கினர். 1966இல் தாய் இறந்தாள். உடலை எரித்தபின் எலும்பு பொறுக்கச் சென்ற மகன், சாம்பலைத் தவிர வேறெதனையும் காணவில்லை. தாயின் எலும்பையும் அக்குண்டு தின்றுவிட்டதே என்ற கோபத்துடனேயே தாம் முதன்முதலில் அதைப் பற்றி வரையத் தொடங்கியதாக அவர் பின்னர் கூறினார். 1972இல் தமது வரலாற்றைச் சுருக்கமாக வரைந்தார். அடுத்த ஆண்டு, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்ற 'ஷோனென் ஜம்ப்' என்ற சிறுவர் வார இதழில் 'வெறுங்கால் கென்' தொடங்கிற்று. வாசகர்கள் பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து வயதுப் பையன்கள். குத்துச்சண்டையும் பேஸ்போலும் நிறைந்த இதழின் நடுவே, தோல் உரிந்து தொங்க நடந்துவரும் மனிதர்களை அப்பையன்கள் கண்டனர்.

அதைக் கண்டு அருவருப்படைந்தவர் பலர். தாம் கண்டதைக் கண்டபடி வரைந்தால் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள் என்று அஞ்சி, கொடுமையைக் குறைத்தே வரைந்ததாக நகஸாவா சொல்லியிருக்கிறார். இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். வாசகனின் வயதை அறிந்து, எதனை எந்த அளவில் சொல்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பைக் கலைஞர் தாமே ஏற்றுக்கொண்டிருந்தார். மனுக்கள் எழுந்தது அதற்கு நெடுங்காலத்தின் பின்பே.

கதையைச் சிறிது சொல்ல வேண்டும். கென் என்ற சிறுவனின் தகப்பன் போரை எதிர்ப்பவன். அதனால் குடும்பம் முழுவதும் 'தேசத்துரோகி' என்று ஊராரால் ஒதுக்கப்படுகிறது, பிள்ளைகள் அடிபடுகிறார்கள், அவர்களின் கோதுமைப் பயிர் நாசமாக்கப்படுகிறது. அவர்களுக்கு உதவுபவர் ஒருவரே. அயலில் வாழும் கொரியரான பாக். தம் நாட்டை யப்பானியர் பிடித்துக்கொண்டதால் இழிவுபட்டு வாழ்பவர் அவர். ஊராரைத் தூண்டிவிட்ட வட்டாரத் தலைவன், போர் முடிந்தபின் தேர்தலில் நின்று, தான் என்றும் சமாதானத்திற்காகவே பாடுபட்டவன் என்று மேடையேறுகிறான். (இப்பாத்திரத்தை யப்பானுக்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ணமாட்டார்.) குண்டினால் உடலெல்லாம் எரிந்து புழுத்த ஓவியன் ஒருவனை வசதியுள்ள அவன் குடும்பத்தார் அறையொன்றில் அடைத்துவைத்திருக்கின்றனர், அருகே செல்ல அஞ்சி, கூலி கொடுத்துக் கென்னை அமர்த்துகின்றனர். குண்டின் கொடுமையைவிட, குண்டுக்குப் பின் மனிதர் ஒருவரையொருவர் நடத்திய கொடுமைக்கே இப் பத்துத் தொகுதிகளில் அதிக பக்கங்கள் செலவாகியுள்ளன. இருள் மிகுந்த நூல்தான். ஆயினும் வாசிப்பவர் அடிக்கடி சிரிப்பர். கென் பாடுவான், குறும்பு செய்வான், பெரியவர்களை ஏமாற்றுவான். கைநீட்டுவதும் அதிகம். கோபம் வந்தால் தகப்பன் பிள்ளைகளை அறைவதும், பிள்ளைகள் பிறரை முட்டித் தள்ளுவதும் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆசிரியர் என்ற முறையில் எமக்கு அதில் உடன்பாடில்லை. யப்பானில் எழுந்த முறைப்பாடுகளோ இந்த அடிதடியைப் பற்றியனவாக இருக்கவில்லை.

வணிக நோக்குடைய வார இதழில் கதை 1974வரையே ஓடிற்று. பின்னர் வேறு சஞ்சிகைகள் அதனை ஏற்றன. பொதுவுடைமைக் கட்சியின் பண்பாட்டுச் சஞ்சிகையும் ஆசிரியர் சங்கத்தின் சஞ்சிகையும் அவற்றுள் அடங்கும். 1980களின் நடுப்பகுதியிலேயே கதை நின்றது. நூல்வடிவில் வந்த தொகுதிகள் பள்ளி நூலகங்களுக்குள் சென்றன. சித்திரக்கதை என்றாலே வாசலில் நிறுத்தப்பட்ட காலத்தில், பல பள்ளிகளில் உள்ளே விடப்பட்ட ஒரே சித்திரக்கதையாக அது விளங்கிற்று. அதனால், மழைநாட்களில் நூலகத்துக்குள் ஒதுங்கிய பிள்ளைகள் வேடிக்கை தேடி அதனைத் திறந்து, பின் பல இரவுகள் நித்திரையின்றிக் கிடந்ததுண்டு. இன்று நடுவயதினரான யப்பானியர் பலர் அப்பயத்தைப் பற்றிப் பேசுவர். நாம் அதனை மறைக்க விரும்பவில்லை.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஷிமானே மாகாணத்து மட்சுவே நகர மன்றத்துக்கு ஒரு மனு வந்தது. இந்நூல் பிள்ளைகளுக்குப் பிழையான வரலாற்றுணர்வை ஊட்டுகின்றது, ஆதலால் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றப்பட வேண்டும் என்பது அதன் சாரம். நகர மன்றம் மனுவை ஏற்கவில்லை. ஆனால் மன்றம் ஏற்காததை அதிகாரிகள் வேறு வழியால் நிறைவேற்றினர். கல்விச் சபையின் செயலகம், அவ்வாண்டு டிசெம்பரில் நகரத்துத் தொடக்கப் பள்ளி, கனிட்ட உயர்நிலைப் பள்ளி அதிபர்களிடம், அந்நூலைத் திறந்த அலுமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைக்குமாறும், ஆசிரியரின் அனுமதியின்றி வாசிக்கவோ இரவல் கொண்டுசெல்லவோ விடாதிருக்குமாறும் கேட்டுக்கொண்டது. கூறிய காரணம் மாறியிருந்தது. மனுவில் வரலாறு, சுற்றறிவுரையில், பிள்ளைகளுக்குப் பொருந்தாத மிகுந்த கொடூரம். அதே டிசெம்பர் 19ஆம் திகதி நகஸாவா நுரையீரற் புற்றுநோயால் இறந்தார்.

கொடூரமென்று சுட்டப்பட்டவை எவை? நகரம் எரியும் முதல் தொகுதியன்று. உடன்பிறந்தார் வேகும் பக்கங்களும் அல்ல. கடைசித் தொகுதிகளில், யப்பானியப் படையினர் சீனாவிலும் ஆசியாவின் பிற பகுதிகளிலும் மக்களின் தலையை வெட்டியதையும் பெண்களைச் சிதைத்ததையும் காட்டும் சில சித்திரங்களே அவை. பத்தாம் தொகுதியில் அவை வரும் இடத்தை நாம் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். கென் இப்பொழுது சிறுவனல்லன். பதினைந்தை எட்டும் மாணவன். பள்ளியை விட்டு நீங்கும் மாணவருக்கான விழா நடக்கிறது. எல்லோரும் எழுந்து பேரரசரைப் போற்றும் 'கிமிகாயோ' பாடவேண்டிய நேரத்தில், பாட முடியாது என்று கென் எழுந்து நிற்கிறான். எவர் பெயரால் இப்போர் நடந்தது, அப்பெயரால் அயல்நாட்டு மக்களுக்கு என்ன செய்யப்பட்டது என்று ஆசிரியர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். அவன் சொல்லும்போதே அச்சித்திரங்கள் வருகின்றன. பதினைந்து வயது மாணவன் பள்ளி மண்டபத்திற் பேசியதை, அதே வயது மாணவர் பள்ளி நூலகத்தில் வாசித்தலாகாது என்றனர்.

அமெரிக்கர் வீசிய குண்டினால் யப்பானியப் பிள்ளை எரியலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலுமாரியில் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. யப்பானியப் படைவீரனின் வாள் தெரிந்தபொழுதே பிள்ளைகளின் மென்மனம் நினைவுக்கு வந்தது. இரத்தத்தின் அளவு இங்கே கேள்வியாக இருக்கவில்லை. வாளைப் பிடித்திருந்த கை எவருடையது என்பதே கேள்வியாயிற்று. இயெனாகாவின் பாடநூலில் 1963இல் அங்கமிழந்த படைவீரனின் படத்தைக் கண்டு முகஞ்சுளித்தவர்களையும், மட்சுவேயில் சித்திரக்கதையை உள்ளே வைத்தவர்களையும் நாம் ஒரே வரிசையில் நிறுத்துவது இக்காரணம் பற்றியே.

செய்தி 2013 ஆகஸ்டில் பத்திரிகைகளில் வெளிவந்ததும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அம்மாதம் 26ஆம் திகதி கல்விச் சபை தன் வேண்டுகோளை மீளப் பெற்றது. கொள்கையிற் பிழை என்று சொல்லவில்லை. செயலகம் சபை உறுப்பினரைக் கலந்துகொள்ளாதது நடைமுறைப் பிழை என்று மட்டும் சொல்லிற்று. அடுத்த ஆண்டிலே ஒசாக்கா மாகாணத்து இசுமிசானோ நகரில், இழிவான சொற்கள் உள்ளன என்ற காரணத்தால் பள்ளிகளிலிருந்து அத்தொகுதிகள் சேகரிக்கப்பட்டு, அதிபர்களின் எதிர்ப்பின் பின் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

மறுதரப்பாருக்கு இங்கே நாம் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையும் பதினைந்து வயது மாணவனும் ஒரே வாசகரல்லர். பெண்கள் சிதைக்கப்படும் சித்திரத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளை துணையின்றித் திறந்து பார்ப்பதை நாம் விரும்பமாட்டோம். தொடக்கப் பள்ளிக்குக் கடைசித் தொகுதிகள் வேண்டியதில்லை என்று மட்சுவேக் கல்விச் சபை சொல்லியிருந்தால், அதனோடு வாதிக்கலாம்; உடன்படவும் கூடும். அச்சபை அப்படிச் சொல்லவில்லை. இரு வகைப் பள்ளிகளுக்கும் ஒரே அறிவுரையை அனுப்பியது. வயதைக் காரணங்காட்டியோர் வயதை வேறுபடுத்திப் பார்க்கவில்லை. இன்னொன்றும் உண்டு. பயத்தினால் நித்திரையற்றுக் கிடந்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னோமல்லவா? அவர்களுட் பலர் தனியே வாசித்தவர்கள். அருகில் இருந்து பேச ஒருவரும் இல்லாதவர்கள். நூலை அலுமாரியில் வைத்துவிட்டால் தம் கடமை தீர்ந்தது என்று எண்ணிய ஆசிரியர்களுக்கும் அப்பயத்தில் பங்குண்டு. பூட்டுவது எளிது; திறந்து போட்டுவிட்டுப் போவதும் அவ்வளவு எளிதே.

தமிழர் என்ற முறையில் எமக்குள்ள காரணத்தை இனிச் சொல்லலாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு யப்பானியப் படையினர் 415 கிலோமீற்றர் நீளமான இரயில் பாதையை அமைத்தனர். மேலைநாட்டுப் போர்க்கைதிகள் அங்கே பட்ட துன்பம் திரைப்படங்களால் உலகுக்குத் தெரியும். அவர்களைவிட எண்ணிக்கையில் மிகுந்தவர் ஆசியக் கூலிகள். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். வாந்திபேதியாலும் பசியாலும் அடியாலும் பல்லாயிரவர் அக்காட்டில் மாண்டனர். அவர்களின் பெயர்களைக்கூட எவரும் எழுதிவைக்கவில்லை. கென்னின் கதையில் இந்த இரயில் பாதை வரவில்லை. ஆயினும், யப்பானிய மாணவன் ஒருவன் தன் நாட்டுப் படை ஆசியாவிற் செய்ததைக் கேட்கத் தொடங்கும் வாசல் அந்தப் பத்தாம் தொகுதி. வாசல் மூடப்படும்போது சீனரும் கொரியரும் மட்டுமன்றி, சயாமிய மண்ணுக்குள் கிடக்கும் எம்மவரும் வெளியே நிறுத்தப்படுகின்றனர். எமது பாடநூல்களிலும் அவர்களுக்கு எத்தனை வரி கிடைத்துள்ளது என்பது வேறு கதை. அதற்கு யப்பானியரைக் குறை சொல்ல முடியாது.

வாதம் மட்சுவேயோடு முடியவில்லை. 2023இல் ஹிரோஷிமா நகரக் கல்விச் சபையே, அந்நகரப் பள்ளிகளின் சமாதானக் கல்வி ஏட்டிலிருந்து 'வெறுங்கால் கென்' பகுதிகளை நீக்கியது. மூன்றாம் வகுப்புக்கான ஏடு அது. ஆதலால் இம்முறை வாளும் இல்லை, வெட்டுண்ட தலையும் இல்லை. ஏட்டில் இருந்தவை, காசுக்காகக் கென் தெருவிற் பாடிக்காட்டுவதும், உணவின்றி வாடும் தாய்க்காகச் செல்வர் வீட்டுக் குளத்தில் கெண்டைமீன் திருடுவதும் ஆகும். பழைய பாட்டு இக்காலப் பிள்ளைகளுக்குப் புரியாது. மீன் திருட்டு பிழையாக விளங்கிக்கொள்ளப்படலாம் என்று காரணம் கூறினர். ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பேர் அவ்வாண்டு முடிவதற்குள் மாண்ட நகரத்தின் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகாததாக, ஒரு மீன் களவு கண்டுபிடிக்கப்பட்டது! தாய் ஏன் பட்டினி கிடந்தாள், செல்வர் வீட்டுக் குளத்தில் மீன் ஏன் நீந்திக்கொண்டிருந்தது என்ற வினாக்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் எழக்கூடியவை. அதே திருத்தத்தில், கனிட்ட உயர்நிலைப் பள்ளி ஏட்டிலிருந்து, 1954இல் பிக்கினித் தீவில் அமெரிக்கர் நடத்திய ஐதரசன் குண்டுப் பரிசோதனையில் நச்சுச் சாம்பலில் நனைந்த மீன்பிடிக் கப்பலைப் பற்றிய பகுதியும் மறைந்தது. அடுத்த ஆண்டு, குண்டினாற் பாதிக்கப்பட்ட யப்பானியரின் சங்கத்துக்குச் சமாதான நோபெல் பரிசு கிடைத்தது.

எமது மேசையில் நாவலை வைத்த தகப்பனாரிடம் இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. அவரை இருக்கச் சொல்லி, நூலில் எந்த இடம் மனத்தை உறுத்தியது என்று மட்டும் கேட்டோம். ஊரைவிட்டுச் சனம் இரவில் நடந்துபோகும் இடம் என்றார். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "தொண்ணூற்றைஞ்சிலை எனக்குப் பதினாறு வயது, சேர். நாவற்குழிப் பாலத்தாலை மழைக்குள்ளை நடந்து போனனாங்கள். ஆச்சியை நான்தான் தூக்கினது" என்றார். மகனுக்கு இதனைச் சொன்னதுண்டா என்று கேட்டோம். இல்லை என்று தலையசைத்தார்.

புறப்படும்போது நூலை மீண்டும் கையிலெடுத்தார். "முதலிலை நான் முழுக்க வாசிச்சுப் பாக்கிறன்" என்றார். நூலகப் பதிவேட்டில் அவர் மகனின் பெயரின்கீழ் அந்நூல் இன்னும் திரும்பிவராததாகவே இருக்கிறது. நாம் கேட்கவில்லை.